மூட்டை இல்லாத கடிதம்

ஜனவரி 9

என் தொட்டாச்சிணுங்கித் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் காது எப்படி இருக்கிறது? எண்ணெய் ஆலை இரைச்சலில் போன காது இனித் திரும்பாது என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். அது மட்டும் சரியாக இருந்திருந்தால் போனில் நாலு வார்த்தை பேசிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளை இப்படி உட்கார்ந்து எழுத வைத்துவிட்டாய். ஆலையில் உன்னைக் கூப்பிடச் சொன்னாலோ, நான் வாட்ச்மேனிடம் சொல்லி, அவர் உன் காதில் கத்தி, நம் குடும்பச் சங்கதி எல்லாம் ஆலை முழுக்க நாறும்.

மீனுக்கு நீ அனுப்பிய புண்ணாக்கு மூட்டைகள் வந்து சேர்ந்தன. லாரிக்காரர் சாலை முக்கில் நின்று ஹாரன் அடிக்க, உன் மச்சான் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ஓடினார். அந்த மனுஷன் என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு வேகமாக வரவில்லை. மூட்டையின் வாயைப் பிரித்தால் மேலாக உன் கடிதம், புண்ணாக்குத் தூள் அப்பிக்கொண்டு. "பாசமிகு சகோதரி அவர்களுக்கு" என்று ஆரம்பித்திருக்கிறாய். யாருடா அந்தச் சகோதரி? உனக்கு மூக்கு சிந்திவிட்டவள்தானே நான்? நேரில் "நீ, வா, போ" என்பவன், காகிதத்தைக் கண்டால் மட்டும் "தாங்கள்" போடுகிறாய்.

மூட்டை அனுப்பாமல் ஒரு கடிதமாவது போடேன் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்! வெறுங்கையோடு எழுத உனக்கு வராதாமே. அம்மா உன்னைக் கெடுத்து வைத்திருக்கிறாள். "அக்கா வீட்டுக்குப் போகும்போது கையை வீசிக்கிட்டா போவே?" என்று அவள் ஒரு தடவை அதட்டியதை நீ இன்னும் தலையில் சுமக்கிறாய். சரி, அனுப்பு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சிவப்புப் போர்வை அனுப்பினாயே, தீயணைப்பு வண்டிக்குப் போர்த்தலாம் என்று விளையாட்டாக எழுதிவிட்டு, ஒரு வருஷம் உன் கையெழுத்தைப் பார்க்காமல் கிடந்தேன். பட்டது போதும்.

குளத்தில் கெண்டைகள் ஜோராக இருக்கின்றன. புண்ணாக்கைச் சாக்கில் கட்டி, சாக்கில் அங்கங்கே துளை போட்டு, தண்ணீர் நடுவே நட்ட கம்பில் தொங்கவிடுகிறோம். மீன்கள் முட்டி முட்டித் தின்னும்போது கம்பு தலையாட்டும். அதைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டால் உன் மச்சானுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம், நான் வேண்டாம். எங்களுக்கு இருக்கிற பிழைப்பும் அந்தக் கம்பு ஆடுவதில்தானே இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. மச்சான் உன்னை விசாரித்தார். அதாவது, "எழுதறியா?" என்றார். அவருக்கு அது பெரிய பேச்சு.

உன் மூக்கு சிந்திவிட்ட
அக்கா

*

பிப்ரவரி 4

பாசமிகு சகோதரி அவர்களுக்கும், மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கும் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகமே. தாங்கள் இருவரும் நலமாக இருப்பதை அறிந்து மனம் நிறைந்தது.

"தாங்கள்" என்று எழுதுவதைக் கேலி செய்திருந்தீர்கள். கடிதம் என்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

இத்துடன் மூன்று மூட்டைகள் வருகின்றன. இவை கடையில் வாங்கிய புண்ணாக்கு போன்றவை அல்ல என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். எங்கள் கிடங்கில் அடி அடுக்கில் இருக்கும் நிலக்கடலைப் பருப்பும் புண்ணாக்கும் தரை ஈரத்தில் பச்சை பூத்துவிடுகின்றன. முதலாளி அவற்றைத் தொடுவதில்லை; வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் அப்படியே அள்ளிக்கொண்டு போய்க் கோழிக்குப் போடுகிறார்கள். எனக்கு அது மனம் ஒப்பவில்லை. நான் என் அறைக்கு மேலே உள்ள மொட்டை மாடியில் பரப்பி, கட்டி கட்டியாக எடுத்து, நார் பிரஷ்ஷால் பச்சை போகும்வரை தேய்க்கிறேன். வெயிலில் கலகலவென்று காய வைக்கிறேன். பிறகு இரும்புச் சட்டியில் இளஞ்சூடாக வறுத்து மூட்டை கட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே சரியாக இருக்கின்றன. வறுக்கும் மணத்துக்குப் பக்கத்து மாடிக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். காலையில் வறுத்த உடைசல் பருப்பு ஒரு பிடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் மதியம் வரை தாங்குகிறது. சாயங்காலம் இன்னொரு பிடி. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மீன்களின் எடை எவ்வளவு என்று எழுதவும்.

தங்கள் அன்புத் தம்பி

*

மார்ச் 11

முறை தெரிந்த என் தம்பிக்கு,

அக்காவும் மச்சானும் சுகம். மூட்டைகளும் சுகமாக வந்து இறங்கின. பக்கத்து மாடிக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்களாமே, அதில் பெண்கள் எத்தனை பேர்? உடனே தலையைக் குனிந்துகொண்டு பிரஷ்ஷைத் தேய்த்திருப்பாய். உனக்குக் காது மட்டும்தானா போயிற்று, கண்ணுமா?

மீன்கள் எடை என்ன என்று கேட்டிருந்தாய். அதுதான் கொஞ்ச நாளாக ஒரு மாதிரி இருக்கிறது. கம்பு முன்னே போல ஆடுவதில்லை. மீன்கள் வருகின்றன, சாக்கை ஒரு முட்டு முட்டுகின்றன, பிறகு பிடிக்காத சம்பந்தம் பேச வந்தவர்கள் மாதிரி நழுவிவிடுகின்றன. சாக்கைத் தூக்கிப் பார்த்தால் பாதி அப்படியே இருக்கிறது. குஞ்சு விட்டு இத்தனை மாதம் ஆகியும் என் உள்ளங்கை நீளத்திலேயே நிற்கின்றன. எடை பார்க்க வலை போட்டோம். வலை பட்ட இடமெல்லாம் சிவந்து ரத்தம் கட்டிக்கொள்கிறது. உன்னைப் போல அவையும் தொட்டாச்சிணுங்கிகள் ஆகிவிட்டன என்று சொன்னேன். உன் மச்சான் சிரிக்கவில்லை. செவுளைத் திறந்து காட்டினார். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது, துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி இருந்தது. காலையில் போனால் இரண்டு மூன்று மிதக்கின்றன.

இந்தக் குளத்து மீன் தேறவில்லை என்றால் அடுத்த குஞ்சு விட எங்களுக்கு வழியில்லை. அதனால் மூடி போட்ட வாளியில் நாலு மீனைத் தூக்கிக்கொண்டு, ஒரு டப்பாவில் தீனியும் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி மீன் டாக்டரிடம் போய் வந்தேன். பஸ்ஸில் ஒரு அம்மா, "வாளியில என்ன?" என்றாள். "நோயாளிங்க" என்றேன். இடம் விட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு இரண்டு சீட்.

டாக்டர் சின்னப் பெண். பார்த்துச் சொல்கிறேன், மாதக் கடைசியில் வாருங்கள் என்றிருக்கிறாள். சளியோ காய்ச்சலோ, மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். நீ யோசிக்காதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 2

பாசமிகு சகோதரி அவர்களுக்கும் மச்சான் அவர்களுக்கும் வணக்கத்துடன் தம்பி எழுதுவது. நான் நலம். மீன்களின் நலம் குறித்து மிகவும் கவலையாக இருக்கிறேன்.

டாக்டர் என்ன சொன்னார்? மறக்காமல் எழுதவும்.

பலவீனம் என்றால் தீனி கூட வேண்டும் என்று நினைத்து இம்முறை நான்கு மூட்டைகளாக அனுப்பியிருக்கிறேன். இரண்டு தடவை தேய்த்து இரண்டு தடவை வறுத்திருக்கிறேன். ஒரு பச்சைப் புள்ளி இருந்தாலும் என்னைக் கேளுங்கள்.

சகோதரி, ஒன்று சொல்ல வேண்டும். இங்கே என்னிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் எனக்குக் கேட்பதில்லை. இரண்டாம் தடவை சொல்லச் சொன்னால் கையை உதறிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாடியில் உட்கார்ந்து தேய்க்கும்போது, இது மச்சான் கைக்குப் போகும், இது சாக்கில் தொங்கும், இதை முட்டும்போது கம்பு ஆடும் என்று ஒவ்வொரு கட்டிக்கும் நினைத்துக்கொள்வேன். அப்போது நானும் அந்தக் கரையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அந்தக் குளத்தில் எனக்கென்று இருப்பது இந்த மூட்டைகள்தான்.

மீன்கள் தேற வேண்டும்.

தங்கள் தம்பி

*

ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா?

டாக்டர் தண்ணீரை மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டோம். மீன் சரியாகிவிடும்.

மூட்டை மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கொட்டகையில் இடமே இல்லை. உன் மச்சான் கால் நீட்டிப் படுக்கக்கூட வழியில்லாமல் மூட்டை மேல் மூட்டை. கடிதம் மட்டும் போடு. லாரிக்காரரிடம் கொடுத்தால் அவர் கொண்டு வந்து தரமாட்டாரா? காகிதம்தானே, டீசல் கூடுதலாகச் செலவாகாது.

அந்தச் சிவப்புப் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நல்ல கதகதப்பு. சத்தியமாகச் சொல்கிறேன்.

அக்கா

*

மே 7

பாசமிகு சகோதரி அவர்களுக்கு தம்பி எழுதுவது. தங்கள் கடிதம் கிடைத்தது. மிகவும் சின்னதாக இருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கொட்டகையில் இடமில்லை என்பதற்கு ஒரு வழி செய்திருக்கிறேன். சுவரோரமாக நான்கு செங்கல் வைத்து, மேலே பலகை போட்டு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு கொள்ளும். நான் தினமும் செய்யும் வேலை அது. படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பலகைகள் இரண்டும் லாரியில் வருகின்றன. மூட்டைகளும் வருகின்றன.

ஏப்ரல் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்ததில் கொஞ்சம் அசதி. பசி குறைந்துவிட்டது. வயது ஆகிறதல்லவா. உடைசல் பருப்பு மட்டும் உள்ளே இறங்குகிறது.

மீன்களின் எடையைத் தாங்கள் எழுதவே இல்லை.

தங்கள் தம்பி

*

மே 24

பலகைத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். பலகைகள் அருமை. உன் மச்சான் அதில் ஒன்றைக் கரையில் போட்டு உட்காருகிறார். ராஜா மாதிரி இருக்கிறது, தலையில் கிரீடத்துக்குப் பதில் காக்கை எச்சம்.

ஆனால் மூட்டை வேண்டாமடா. இப்போது எலித் தொல்லை. ஒவ்வொன்றும் முயல் சைஸ். பூனை வளர்க்கலாம் என்றால் பூனை எலியைப் பார்த்துவிட்டுக் கூரைமேல் ஏறிக்கொண்டது. எலி ஒழியட்டும், நானே சொல்கிறேன்.

பசி இல்லை என்றாயே, அதென்ன? நீ சின்ன வயசில் என் தட்டையும் சேர்த்து வழித்தவன் ஆயிற்றே. வயசாகிறதாம்! உன்னைவிட நாலு வருஷம் மூத்தவள் நான், இன்னும் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிடுகிறேன், பார்க்கிறவர்களுக்கே தெரியும்.

ஆமாம், நீ தின்கிற அந்த உடைசல் பருப்பு நல்ல மூட்டையிலிருந்து எடுப்பதுதானே? மேல் அடுக்கு மூட்டை? சும்மாதான் கேட்கிறேன். உடனே எழுது. இதற்கு மட்டும் லாரிக்காகக் காத்திருக்காதே, தபாலில் போடு.

அக்கா

*

ஜூன் 10

சகோதரி அவர்களுக்கு தம்பி எழுதுவது.

தாங்கள் கேட்டபடி தபாலில் எழுதுகிறேன். முதலில் இடமில்லை என்றீர்கள். பிறகு எலி என்றீர்கள். நான் படிப்பில் மட்டமானவன்தான், ஆனால் இவ்வளவு கூடப் புரியாதவன் இல்லை. போர்வை பிடிக்காதது போல இதுவும் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். லாரிக்காரரிடம் இம்முறை எதுவும் ஏற்றவில்லை. இனித் தங்களுக்குத் தொந்தரவு இருக்காது.

உடைசல் பருப்பைப் பற்றிக் கேட்டீர்கள். மேல் அடுக்கு மூட்டையில் கை வைக்க நான் திருடனா? அடி அடுக்குதான். தங்களுக்காகத் தேய்த்து வறுப்பதில்தான் எனக்கும் ஒரு பிடி. தங்கள் மீன்களும் நானும் ஒரே தட்டில் சாப்பிடுகிறோம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உடம்பு பரவாயில்லை. கண் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறதென்று மேஸ்திரி சொல்கிறார். "மஞ்சக் கண்ணாடி எங்கே வாங்கினே?" என்று எழுதிக் காட்டிச் சிரிக்கிறார். சரியாகிவிடும்.

தம்பி

*

ஜூன் 14

தம்பி,

முதலில் இதைப் படி. சட்டைப் பையில் இருக்கிறதைக் கீழே கொட்டு. இந்த வரியைத் தாண்டுவதற்கு முன்னாலேயே கொட்டு. கொட்டிவிட்டாயா? இனி அதில் ஒரு பருப்புகூட உன் வாய்க்குள் போகக் கூடாது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. வயிற்றையும் கண்ணையும் காட்டு. இந்தக் கடிதத்தையும் டாக்டரிடம் காட்டு. அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இப்போது மீதியைச் சொல்கிறேன்.

மீன் டாக்டர் தண்ணீர் மாற்றச் சொன்னாள் என்று எழுதினேனே, அது பொய். இடமில்லை என்றது பொய். கொட்டகையில் எலி இல்லை, பூனையும் இல்லை. மார்ச் கடைசியில் நான் போனபோது அந்தப் பெண் நம் மீனை அறுத்து வைத்திருந்தாள். ஈரலைக் காட்டினாள். கருஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்து மஞ்சளாக, அமுக்கினால் குழைகிற மாதிரி இருந்தது.

"என்ன தீனி போடறீங்கம்மா?"

"என் தம்பி அனுப்பற புண்ணாக்கு."

"அதுல பூஞ்சை பிடிச்சிருந்துதா?"

"பிடிச்சதுதான். ஆனா அவன் ஒண்ணொண்ணா தேய்ச்சு, காய வெச்சு, வறுத்து அனுப்பறான். ஒரு புள்ளி இருக்காது."

அந்தப் பெண் கையுறையைக் கழற்றினாள். பிறகு சொன்னாள்: "அம்மா, பச்சையா தெரியறது பூஞ்சை. அது விடற நஞ்சு உள்ள ஊறிடும். தேய்ச்சா போகாது, வெயிலுக்குப் போகாது, வறுத்தாலும் பெருசா குறையாது. மணமும் இல்ல, ருசியும் இல்ல. மீனுக்கு மொதல்ல ஈரல் போகும். அப்புறம் ரத்தம் குறையும், வளராது, சின்ன நோய் வந்தாலும் தாங்காது."

டப்பாவில் கொண்டுபோன தீனியையும் சோதித்துப் பார்த்து அதையேதான் சொன்னாள்.

அன்றைக்கே நிறுத்திவிட்டோம். அதற்குப் பிறகு நீ அனுப்பிய மூட்டை ஒன்றுகூடக் குளத்துக்குப் போகவில்லை. உன் மச்சான் கரைக்கு அப்பால் குழி வெட்டிப் புதைத்தார். ஒவ்வொரு மூட்டையாக வாயைப் பிரித்து, உன் கடிதத்தை மட்டும் எடுத்துத் தட்டி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் புதைத்தார். மீன் கொஞ்சம் செத்தது. மிச்சத்துக்குக் கடன் சொல்லி நல்ல தீனி வாங்கிப் போடுகிறோம். சோதித்துச் சரி என்று சொல்லும்வரை ஒன்றையும் விற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். நாங்களும் விற்கவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்ல உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து உன் ஏப்ரல் கடிதம் வந்தது. ஒவ்வொரு கட்டிக்கும் எங்களை நினைத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தாய். உன் ஞாயிற்றுக்கிழமைகளை நான் எந்தக் கையால் விஷம் என்று எழுதுவேன்? ஒரு போர்வைக்கே ஒரு வருஷம் பேசாதவன் நீ. மூட்டை நின்றால் கடிதம் நிற்கும் என்று பயந்தேன். எலி, பூனை என்று கதை விட்டுக்கொண்டு, மீனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன். பசி இல்லை என்று நீ எழுதிய பிறகுதான் அந்தச் சட்டைப் பை ஞாபகம் வந்தது.

நேற்று உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மீன் டாக்டரிடமே ஓடினேன். "மனுஷன் தின்னா?" என்றேன். "மனுஷனுக்கும் ஈரல்தாம்மா. உடனே நிறுத்தச் சொல்லுங்க, உடனே டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்க" என்றாள். பஸ்ஸில் வரும்போது யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

இது தபாலில் வருகிறது. வாட்ச்மேனுக்குப் போன் போட்டு உன் காதில் கத்தவும் சொல்லிவிட்டேன். ஆலை முழுக்கக் கேட்கட்டும். அங்கே கோழிக்குப் போடுகிறவர்களுக்கும் கேட்கட்டும்.

கோபித்துக்கொள். ஒரு வருஷம் வேண்டுமானாலும் கோபித்துக்கொள். ஆனால் அதைத் தின்னாதே.

அக்கா

*

ஜூலை 20

தம்பிக்கு,

நாங்கள் நலம்.

லாரி இரண்டு தடவை வந்தது. சாலை முக்கில் நிற்காமல் போயிற்று. இரண்டு தடவையும் உன் மச்சான் தள்ளுவண்டியோடு போய் நின்றுவிட்டு வந்தார்.

வாட்ச்மேன் போனில், "லீவு போட்டிருக்கார்ம்மா" என்றார். வேறு எதுவும் தெரியவில்லை என்றார்.

எழுத வேண்டாம். காகிதத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பு. உன் கைக்கோடு எனக்குத் தெரியும்.

அக்கா

*

ஆகஸ்ட் 3

அக்கா,

நான் இருக்கிறேன். பயப்படாதே.

வாட்ச்மேன் என் காதருகே வந்து கத்தியபோது என் கை சட்டைப் பைக்குள்தான் இருந்தது. அவர் என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. மூன்று தடவை கத்தினார். பிறகு உன் கடிதம் வந்தது. முதல் வரியிலேயே கொட்டிவிட்டேன். மிச்சத்தைப் படித்துவிட்டு உன்மேல் பயங்கரக் கோபம் வந்தது. அதைவிட என்மேல். உன் மீன்களை நானே தேய்த்துத் தேய்த்துக் கொன்றிருக்கிறேனே என்று மாடிக்குப் போய் அந்த பிரஷ்ஷையும் சட்டியையும் தூக்கி எறிந்தேன். சட்டி பக்கத்து மாடியில் போய் விழுந்தது. நீ கேட்டாயே பெண்கள் எத்தனை பேர் என்று. ஒருவர்தான். சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் பேசியதை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி எனக்குக் காட்டினார்.

ஈரல் வீங்கியிருக்கிறதாம். கெட்டுவிடவில்லையாம். படுக்க வைத்தார்கள். உன் கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தார். இனி அந்தப் பருப்பைத் தொடவே கூடாது, நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும், மறுபடி மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றார். கண்ணில் மஞ்சள் இறங்கிக்கொண்டு வருகிறது. பசி எடுக்கிறது.

ஆலைக்குத் திரும்பிப் போனதும் முதலாளியிடம் போய் எழுதிக் காட்டினேன். அவர் முதலில், "ஏன்யா பெரிசு பண்றே?" என்றாராம், எனக்குக் கேட்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று. என் கண்ணைத் திறந்து காட்டினேன். அடி அடுக்கு முழுவதையும் வெளியே தள்ளி எரித்துவிட்டோம். தரைக்குப் பலகை போடச் சொல்லியிருக்கிறார்.

கடிதம் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு உடம்பு மட்டும் காரணம் இல்லை. பேனாவை எடுப்பேன். கூட அனுப்ப ஒன்றும் இல்லையே என்று கை நின்றுவிடும். பழம் அனுப்பலாமா, துணி அனுப்பலாமா என்று கடை கடையாகப் பார்த்தேன். எதை எடுத்தாலும் இதிலும் என்ன இருக்குமோ என்று பயம். நான் அனுப்பிய எதுவும் உனக்கு நல்லதாக அமைந்ததில்லை.

நீ காகிதம்தானே என்று எழுதியிருந்தாய். அதனால் காகிதம் மட்டும் வருகிறது. மூட்டை இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

மச்சானை மன்னிக்கச் சொல்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 29

என் தொட்டாச்சிணுங்கித் தம்பிக்கு,

அக்காவும் மச்சானும் இப்போதுதான் உண்மையாகவே நலம்.

"அக்கா" என்று ஆரம்பித்து, "நீ" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பாசமிகு சகோதரி அவர்கள் தொலைந்தார்கள். நல்லது. அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை.

நான் என்ன செய்வேன் என்று கேட்டாயே. சொல்கிறேன், கேள். லாரிக்காரர் சாலை முக்கில் நின்று ஹாரன் அடித்தார். உன் மச்சான் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். லாரிக்காரர் பின்கதவைத் திறக்காமல், ஜன்னல் வழியாகக் கவரை மட்டும் நீட்டினார். "இன்னிக்கு மூட்டை இல்லீங்க" என்று அவருக்கே வருத்தம். உன் மச்சான் கவரை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு தோள்துண்டை எடுத்து வண்டியைத் துடைத்தார். கவரை நடுவில் வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் வைத்துக்கொண்டு, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார், தம்பி. மேட்டில் ஏறும்போது நின்று மூச்சு வாங்கினார். "ஏங்க, என்ன ஆச்சு?" என்றேன். "கனமா இருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் அடித்த முதல் ஜோக். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நடுரோட்டில் நின்றேன்.

மன்னிக்கச் சொன்னாயே, கேட்டேன். "அவன் கண்ணு வெளுத்துச்சா?" என்றார். அவ்வளவுதான் உன் விசாரணை, தீர்ப்பு எல்லாம்.

மீன் சேதி சொல்லாமல் விட்டால் நீ தூங்க மாட்டாய். பாதிக்கு மேல் பிழைத்துவிட்டன. செவுள் சிவந்துவிட்டது. டாக்டர் சோதித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பிறகு விற்கலாம் என்றிருக்கிறாள். வளர்த்தி கம்மிதான், இந்தத் தடவை பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் அடுத்த குஞ்சு விடுகிற அளவுக்கு வரும். முந்தாநாள் கம்பு ஆட ஆரம்பித்தது. உன் மச்சான் உன் பலகையில் உட்கார்ந்து பார்த்தார். பலகையின் மறுபாதியில் என்னைக்கூட உட்காரச் சொல்லவில்லை. அது யாருக்கு என்று உனக்கே தெரியும்.

நீ அனுப்பிய எதுவும் எனக்கு நல்லதாக அமையவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தப் பொய்க்கு உன் காதைத் திருக வேண்டும், அது என்னவோ ஏற்கனவே ரிப்பேர் ஆகிக் கிடக்கிறது. மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது நான் புண்ணாக்கையா தேடினேன்?

சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர் யார், என்ன, ஏது என்று ஒரு வரிகூட இல்லை. டாக்டர் பேசியதை எல்லாம் உட்கார்ந்து எழுதிக் காட்டினாராம். கையெழுத்து நன்றாக இருக்கிறதா? பொறுமைசாலியாகத்தான் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் மட்டும் உன் "முறை"யை விட்டுவிட்டு விவரமாக எழுது.

இல்லை, எழுத வேண்டாம். வா. உன் கண்ணை நான் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் எனக்குச் சோறு இறங்கும். லாரிக்காரரிடம் சொல்லிவிட்டேன், முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு வருவார். சாலை முக்கில் உன் மச்சான் தள்ளுவண்டியோடு நிற்பார். வண்டியில் ஏற்றினாலும் ஏற்றுவார், வெட்கப்படாதே.

ஒரு பை, ஒரு பொட்டலம் உன்னிடம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். கையை வீசிக்கொண்டு வா.

உன்
அக்கா